பிறருடைய பாடல்களுக்கு ஓர்கன் வாசிப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர்கள்

கேள்வி: கல்லாற்றுக் கீபோர்ட்

அனைவருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பின் தென்புறத்தில் கல்லாற்றுப் பக்கத்தைச் சேர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறேன். கோயில் திருவிழாக் காலம் தொடங்கிவிட்டால் ஓர் இன்னிசைக் குழுவுடன் கல்முனை முதல் வாழைச்சேனை வரை ஊர் ஊராகப் போய்க் கீபோர்ட் வாசிக்கிறேன். திரைப்பாடலில் என்ன இருக்கிறதோ அதை ஒரு சுரமும் பிசகாமல் மேடையில் கொடுப்பதுதான் எங்கள் குழுவில் எதிர்பார்க்கப்படும் திறமை.

சில காலமாக அமெரிக்க, பிரித்தானிய ரொக் இசையையும் புளூஸ் இசையையும் தேடித் தேடிக் கேட்டு வருகிறேன். பாடகரும் கிற்றார்க்காரரும் முன்னால் நிற்க, பின்னால் ஓர் ஓர்கன் நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் தாங்கி நிற்கிறது. அதை வாசித்தவர் யார் என்று தேடிப் பார்த்தால், அதே பெயர் வேறு பல பாடகர்களின் இசைத்தட்டுகளிலும் வருகிறது. எந்த ஒரு குழுவிலும் நிரந்தரமாக நிற்காமல், அழைத்த இடத்துக்குப் போய் வாசித்துவிட்டு வருவதையே இவர்கள் நாற்பது, ஐம்பது வருடத் தொழிலாகச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வியப்பாக இருக்கிறது. இவர்கள் எப்படி அந்த நிலைக்கு வந்தார்கள், ஒலிப்பதிவுக்கூடத்தில் இவர்களிடம் என்ன எதிர்பார்க்கப்பட்டது, வெறுமனே கீபோர்ட் வாசிக்கும் ஒருவரிடம் இல்லாத எது இவர்களிடம் இருந்தது என்பதை விளக்கக்கூடியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

இன்னொரு விடயமும் இருக்கிறது. கனடாவில் இருக்கும் என் மாமா, அங்குள்ள ஒரு தேவாலயம் தன்னுடைய பழைய ஹமண்ட் ஓர்கனை யாருக்காவது கொடுத்துவிட விரும்புகிறது என்றும், செலவைத் தானே ஏற்றுக் கப்பலில் அனுப்புவதாகவும் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?


பதில் 1: வாவிக்கரை வாசிப்பாளர்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் மிகுந்த மகிழ்ச்சி அடைந்தேன். நம் பகுதியில் கீபோர்ட் வாசிப்பவர்கள் பலர் இருந்தும், அந்த வாத்தியத்துக்குள் ஒரு தனி மரபாக இருக்கும் ஓர்கன் வாசிப்பைப் பற்றிக் கேட்பவர்களைக் காண்பது அரிது.

முதலில் வாத்தியத்தைப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இந்தத் தொழிலின் பாதி அதற்குள்தான் இருக்கிறது. லோரன்ஸ் ஹமண்ட் என்ற அமெரிக்கர் 1935இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஓர்கனில் குழாயும் இல்லை, ஆர்மோனியத்தில் உள்ளது போன்ற நாக்கும் இல்லை. பல் வெட்டப்பட்ட சிறு உருக்குச் சக்கரங்கள், ஒவ்வொன்றும் ஒரு காந்தத்துக்கும் கம்பிச்சுருளுக்கும் அருகே சுழன்றுகொண்டே இருக்கும். பி-3 என்ற புகழ்பெற்ற வகையில் இப்படி 91 சக்கரங்கள் உள்ளன. ஒரு கட்டையை அழுத்தும்போது, ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் சில சக்கரங்களின் ஒலிகள் சேர்ந்து ஒலிபெருக்கிக்குப் போகின்றன. எந்தச் சக்கரம் எவ்வளவு சேர வேண்டும் என்பதை, வெளியே இழுத்தும் உள்ளே தள்ளியும் அமைக்கக்கூடிய ஒன்பது இழுவைக் கோல்கள் தீர்மானிக்கின்றன. அடிப்படைச் சுரத்துக்கு ஒரு கோல், அதன் மேல் ஸ்தாயிக்கு ஒன்று, அதற்கும் மேலே உள்ள பஞ்சமத்துக்கு ஒன்று என்று ஒலியை வாசிப்பவரே கட்டிக்கொள்ள வேண்டும். முதல் மூன்று கோல்களை முழுவதுமாக இழுத்து மற்றவற்றை மூடிவிட்டால், புளூஸ் இசைத்தட்டுகளில் நீங்கள் கேட்கும் அந்தத் தடித்த, தொண்டை கட்டியது போன்ற ஒலி வந்துவிடும்.

இனி முக்கியமான செய்தி. அந்த ஓர்கனில் கட்டையை மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அடித்தாலும் ஒலியின் அளவு ஒன்றுதான். ஏற்ற இறக்கம் முழுவதும் வலது காலின் கீழ் இருக்கும் மிதியில்தான் இருக்கிறது. ஆர்மோனியம் வாசிப்பவர் இடது கையால் துருத்தியை அழுத்தி மூச்சுக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓர்கன்காரர் அதைக் காலால் செய்கிறார். நல்ல ஓர்கன்காரரின் கால் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. பாடகர் வாய் திறக்கும்போது மிதி பின்வாங்கும், அவர் அடியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் முன்னேறும்.

இதனுடன் டொன் லெஸ்லி என்பவர் வடிவமைத்த சுழலும் ஒலிபெருக்கியும் சேர வேண்டும். ஒரு மரப்பெட்டிக்குள் மேலே கொம்பு ஒன்றும் கீழே உருளை ஒன்றும் சுழலும். மெதுவாகவும் வேகமாகவும் என இரண்டு வேகங்கள் உண்டு. மேலே உள்ள கொம்பு இலேசானது, ஒரு வினாடிக்குள் வேகம் பிடித்துவிடும். கீழே உள்ள உருளை கனமானது, அதற்குச் சில வினாடிகள் வேண்டும். அந்த இரண்டும் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்கும் இடைநேரத்தில் ஒலி விம்மி எழுவதைத்தான் ரொக் இசையில் பல்லவி தொடங்கும் இடங்களில் கேட்கிறீர்கள். எந்த அடியில் ஆளியைத் தட்டினால் பல்லவியின் முதல் சொல்லில் முழு வேகம் வந்து சேரும் என்பது அனுபவத்தால் வருவது. வெளியார் இதைக் கவனிக்கவே மாட்டார்கள், ஆனால் பாடகருக்குத் தெரியும்.

ஒலிப்பதிவுக்கூடத்தில் என்ன எதிர்பார்க்கப்பட்டது என்று கேட்டீர்கள். அல் கூப்பர் கதையைச் சொல்கிறேன். 1965 ஜூன் 16 அன்று நியூயோர்க்கில் பாடகர் பொப் டிலானின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ பாடலின் ஒலிப்பதிவு நடந்தபோது, தயாரிப்பாளர் டொம் வில்சன் அவரைப் பார்வையாளராகத்தான் அழைத்திருந்தார். கூப்பருக்கு அப்போது வயது 21. அவர் கிற்றார் வாசிக்கும் ஆசையுடன் போயிருந்தார், ஆனால் மைக் புளூம்ஃபீல்ட் வாசிக்கத் தொடங்கியதும் தன் கிற்றாரை எடுத்து வைத்துவிட்டார். ஓர்கனில் இருந்த போல் கிரிஃபின் பியானோவுக்கு மாற்றப்பட்டபோது வெறுமையான அந்த இடத்தில் கூப்பர் போய் அமர்ந்துகொண்டார். ஓர்கன் அவருடைய வாத்தியமே அல்ல. எனவே மற்றவர்கள் எந்த ஸ்வரக்கூட்டுக்கு மாறுகிறார்கள் என்பதைக் கேட்டுவிட்டு, அரைக்கால் மாத்திரை தாமதித்துத் தன் கட்டையை அழுத்தினார். அந்தத் தாமதமே பாட்டின் குணமாகிவிட்டது. பதிவைத் திரும்பக் கேட்டபோது ஓர்கனின் ஒலியைக் கூட்டும்படி டிலானே சொன்னார். ஆறு நிமிடத்துக்கும் அதிகமான அந்தப் பாடல் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. அதன் பின் கூப்பரை ஓர்கன் வாசிக்க அழைத்தவர்களுக்குக் கணக்கில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்கும் வாசித்தார், பிளட், சுவெட் அண்ட் டியர்ஸ் குழுவைத் தொடங்கினார், லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் முதல் மூன்று இசைத்தட்டுகளைத் தயாரித்தார்.

இந்தக் கதையைப் பலர் துணிச்சலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு அது காதின் கதையாகவே படுகிறது. அவர் கேட்டார், கேட்ட பின் வாசித்தார். திருவிழா மேடையில் இசைத்தட்டை அச்சாக ஒப்பிக்கும் நமக்கு இல்லாமல் போகும் பழக்கம் அதுதான் தம்பி.


பதில் 2: அக்கரைப்பற்று இசைநேயன்

முந்தைய பதிலில் வாத்தியம் மிக அழகாக விளக்கப்பட்டுள்ளது. நான் தொழில் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறேன். அல் கூப்பரை எல்லோரும் அறிவார்கள். ஆனால் இந்தத் தொழிலின் உண்மையான நடையைக் காண விரும்பினால் ரீஸ் வைனன்ஸ் என்பவரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். அவரைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் கண்டதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வைனன்ஸ் 1947இல் புளோரிடா மாநிலத்தில் பிறந்தவர். 1960களின் இறுதியில் ஜாக்சன்வில் நகரில் செக்கண்ட் கமிங் என்ற குழுவில் வாசித்தார். அதே குழுவில் இருந்த கிற்றார்க்காரர் டிக்கி பெட்ஸும் பேஸ் கிற்றார்க்காரர் பெரி ஓக்லியும் 1969இல் டுவேன் ஓல்மனுடன் சேர்ந்து ஓல்மன் பிரதர்ஸ் குழுவை உருவாக்கியபோது, டுவேனின் தம்பி கிரெக் பாடவும் ஓர்கன் வாசிக்கவும் வந்துவிட்டார். ஒரு குழுவில் இரண்டு ஓர்கன்காரர்களுக்கு இடமில்லை. ரொக் வரலாற்றின் மிகப் பெரிய குழுக்களில் ஒன்றின் வாசல் வரை போய், உள்ளே போகாமல் திரும்பிய இருபத்தொரு வயது இளைஞரை எண்ணிப் பாருங்கள். பலர் அந்த இடத்தில் வாத்தியத்தை மூடி வைத்திருப்பார்கள்.

அவர் டெக்சாஸ் போனார். ஒஸ்டின் நகரைச் சூழ்ந்த இசை வட்டத்தில் ஜெரி ஜெஃப் வோக்கர், டெல்பர்ட் மக்கிளின்டன் போன்றவர்களுக்கு வாசித்தார். ஒருவர் நாட்டார் மரபு சார்ந்த பாடகர், மற்றவர் புளூஸும் ரிதம் அண்ட் புளூஸும் கலந்து பாடுபவர். ஒவ்வொருவருக்கும் வாசிப்பை மாற்றிக்கொள்ளும் பழக்கம் அங்கேதான் அவருக்குப் படிந்திருக்க வேண்டும். 1985இல் புளூஸ் கிற்றார்க்காரர் ஸ்டீவி ரே வோன் தன் மூன்றாவது இசைத்தட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது வைனன்ஸை வாசிக்க அழைத்தார். வாசித்த பின் குழுவிலேயே சேர்த்துக்கொண்டார். அதுவரை கிற்றார், பேஸ், ட்ரம்ஸ் என்று மூவராக இருந்த டபிள் ட்ரபிள் குழு நால்வரானது. வோன் போன்ற ஒருவர் கிற்றாரால் முழு இடத்தையும் நிரப்பும்போது அதற்குப் பின்னால் ஓர்கனுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அந்தப் பதிவுகளைக் கேளுங்கள். கிற்றார் தனியாக எழுந்து பறக்கும் நேரத்தில் அதுவரை பேஸ் மட்டுமே தாங்கிய அடித்தளத்தை இப்போது ஓர்கனின் நீண்ட சுரங்கள் நிரப்புகின்றன. வோன் சுரங்களை விட்டு விட்டு வாசிக்கும் துணிவைப் பெற்றது, இடைவெளி வெறுமையாகாது என்று அறிந்ததனால்தான் என்று நான் நம்புகிறேன்.

1990 ஓகஸ்ட் 27ஆம் திகதி வோன் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். வைனன்ஸுக்கு அப்போது வயது 42. நாஷ்வில் நகருக்குக் குடிபெயர்ந்து, முழுநேர ஒலிப்பதிவு வாசிப்பாளராக வேலை செய்யத் தொடங்கினார். நீங்கள் கேட்ட தொழில் என்பது அவருடைய வாழ்வின் இந்தப் பகுதிதான். அங்கே பாடல்களுக்கு இராகக் குறிப்பு முழுவதுமாக எழுதித் தரப்படுவதில்லை. ஸ்வரக்கூட்டுகளை எண்களால் குறிக்கும் நாஷ்வில் எண் முறை என்ற ஒன்று 1950களின் இறுதியில் தோன்றிப் பரவியது. புளூஸின் பன்னிரண்டு அளவைகளை (தாளச் சுற்றுகளை) அந்த முறையில் எழுதினால், ஒன்று நான்கு முறை, நான்கு இரண்டு முறை, மீண்டும் ஒன்று இரண்டு முறை, பின்னர் ஐந்து, நான்கு, ஒன்று, ஐந்து என்று ஒரு வரியில் முடிந்துவிடும். சங்கீதம் கற்ற நமக்கு ச, ம, ப என்று பார்த்தவுடன் புரியும். பாடகர் தொண்டை சரியில்லை, ஒரு கட்டை குறைத்துக்கொள்வோம் என்று சொன்னால் தாளில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் விதிப்படி ஓர் ஒலிப்பதிவு அமர்வு என்பது மூன்று மணி நேரம். அந்த நேரத்துக்குள் அதுவரை கேட்டிராத பாடல்களைக் கேட்டு, ஏற்ற ஒலியைக் கட்டி, வாசித்து முடிக்க வேண்டும். தாமதிப்பவரை அடுத்த முறை அழைக்க மாட்டார்கள்.

2010களின் நடுப்பகுதியில் ஜோ பொனமாசா என்ற அடுத்த தலைமுறைப் புளூஸ் கிற்றார்க்காரர் அவரைத் தன் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். 2015இல் டபிள் ட்ரபிள் குழுவின் உறுப்பினராக ரொக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் வைனன்ஸ் சேர்க்கப்பட்டார். தன் பெயரில் அவர் வெளியிட்ட முதல் இசைத்தட்டு 2019இல், அவருடைய எழுபதாவது வயதைத் தாண்டிய பிறகுதான் வந்தது. அத்தனை வருடங்களும் அவர் பிறருடைய பாடல்களை வளப்படுத்திக்கொண்டிருந்தார்; அதில் அவருக்குக் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

வேறு வழிகளில் வந்தவர்களும் உண்டு. மெம்பிஸ் நகரின் புக்கர் டி. ஜோன்ஸ் தன் குழுவின் பெயரை உலகறியச் செய்த 1962ஆம் ஆண்டு இசைத்தட்டைப் பதிவு செய்தபோது அவருக்குப் பதினேழு வயது. அதன் பின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் இசை படித்தபடியே, வார இறுதிகளில் மெம்பிஸுக்குப் பயணித்து ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் பதிவுகளில் ஓட்டிஸ் ரெடிங், அல்பர்ட் கிங் ஆகியோருக்கு வாசித்தார். படிப்பை விட்டால்தான் இசையில் முன்னேறலாம் என்று நம்பும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். மைக் ஃபினிகன் கூடைப்பந்துப் புலமைப்பரிசிலில் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 1968இல் தன் குழுவுடன் நியூயோர்க்கில் பதிவு செய்ய வந்த இடத்தில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அவரை அழைத்துத் தன் இசைத்தட்டில் ஓர்கன் வாசிக்க வைத்தார். பிற்காலத்தில் குரொஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ், தாஜ் மஹால் என்ற புளூஸ் பாடகர் முதலியோருடன் வாசித்து 2021இல் மறைந்தார்.


பதில் 3: காரைதீவு மின்னியலாளர்

ஓர்கனைக் கனடாவிலிருந்து எடுப்பது பற்றி மட்டும் எழுதுகிறேன். அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். நமக்கு 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். வோல்ற்றளவைக் குறைப்பதற்கு ட்ரான்ஸ்போமர் போதும், ஆனால் அது மீடிறனை, அதாவது ஹேர்ட்ஸ் அளவை, மாற்றாது. பல்சக்கரங்களைச் சுழற்றும் மோட்டர் மின்சாரத்தின் மீடிறனோடு பூட்டப்பட்டது. 60க்கென்று செய்யப்பட்ட மோட்டரை 50இல் ஓட்டினால் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும்; எல்லாச் சுரங்களும் அதே விகிதத்தில் இறங்கிவிடும். ஆறுக்கு ஐந்து என்ற விகிதம் ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் இடையே உள்ள தூரம். அதாவது நீங்கள் சாதாரண காந்தாரத்தை அழுத்தினால் ஷட்ஜம் கேட்கும், மேற்கத்திய முறையில் சி கட்டையை அழுத்தினால் ஏ ஒலிக்கும். விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன் என்பதால் இந்தக் கணக்கைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. யாழின் சுரங்களை எண்களால் அளந்து காட்டியவர் அவர்.

வாசிப்பதை மேலே தள்ளி வாசித்து இதைச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அதிர்வு கொடுக்கும் பகுதியும் அதே மோட்டரால் ஓடுவதால் அதுவும் மந்தமாகிவிடும். மீடிறனை 60ஆக மாற்றித் தரும் கருவிகள் உண்டு, அவற்றின் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அதே ஓர்கன் இலண்டனிலிருந்து வருவதாக இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை, ஏனெனில் அங்கும் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்தான்.

எந்த வகை என்று மாமாவிடம் கேளுங்கள். பி-3 ஆக இருந்தால் ஆசனமும் கால் கட்டைகளும் சேர்த்து ஏறத்தாழ 190 கிலோ. அதை மாட்டுவண்டிப் பாதை வழியே திருவிழா மேடைக்கு ஏற்றி இறக்குவது நடக்காத காரியம். அத்துடன் நம் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்று, ஒவ்வொரு கட்டைக்கும் கீழே இருக்கும் நுண்ணிய மின்தொடுகைகளை விட்டுவைக்காது. வீட்டில் மூடிய அறை ஒன்றும், வருடத்துக்கு ஒரு முறை எண்ணெய் விடும் பொறுமையும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி: கல்லாற்றுக் கீபோர்ட்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாமாவிடம் பேசினேன், ஓர்கனை அங்குள்ள ஒருவருக்கே கொடுத்துவிடும்படி சொல்லிவிட்டேன். ரீஸ் வைனன்ஸ் வாசித்த பதிவுகளைக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். சில மாதங்களுக்கு முன் ஒரு பாடலின் ஒலிப்பதிவுக்கு என்னை அழைத்தார்கள். முன்னிசையை நானே அமைத்து வாசித்தேன். பாடல் யூடியூபில் வெளியானபோது என் பெயர் எங்கும் இல்லை, பேசிய தொகையில் பாதிதான் கைக்கு வந்தது. யாரையும் இங்கே குறை சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் இப்படிப் பின்னணியில் வாசித்தவர்களின் உரிமை உலகில் எப்படி மதிக்கப்பட்டிருக்கிறது, நம் நாட்டில் ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று அறிய விரும்புகிறேன்.


பதில் 4: திருக்கோவில் சட்ட மாணவி

தம்பி, இது உங்களுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் 1960களில் வெளிவந்த எண்ணற்ற வெற்றிப்பாடல்களில் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் கலைஞர்களின் பெயர்கள், 1971இல் பாடகர் மார்வின் கேயின் இசைத்தட்டு வரும்வரை உறையில் அச்சிடப்படவே இல்லை. அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஏர்ல் வான் டைக் ஒரு பியானோ, ஓர்கன் வாசிப்பாளர்.

ஓர்கன் வாசிப்பைப் பற்றி ஒரு நாட்டின் மிக உயர்ந்த நீதிபீடமே தீர்ப்புச் சொன்ன வழக்கு ஒன்று உண்டு. புரொக்கோல் ஹாரம் என்ற ஆங்கிலக் குழுவின் மிகப் புகழ்பெற்ற 1967ஆம் ஆண்டுப் பாடல் ஓர் ஓர்கன் இசையுடன் தொடங்கும். கேட்டவர்கள் முதலில் நினைவில் வைத்திருப்பது அதைத்தான். வாசித்தவர் மெத்தியூ ஃபிஷர். அவர் குழுவின் உறுப்பினரே தவிர வாடகை வாசிப்பாளர் அல்ல என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பாடலின் ஆக்கியோராகப் பதிவாகியிருந்தது வேறு இருவரின் பெயர்கள். 38 வருடங்கள் கழித்து, 2005இல் ஃபிஷர் வழக்குத் தொடுத்தார். 2006இல் இலண்டன் மேல் நீதிமன்றம் அவரை இணை ஆக்கியோர் என ஏற்று, இசை உரிமையில் 40 சதவீதத்தை வழங்கியது. 2008இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஆக்கியோர் என்பதை ஏற்றுக்கொண்ட போதிலும் இத்தனை காலம் தாமதித்தமையால் பணம் இல்லை என்றது. 2009 ஜூலையில், அன்று உச்ச நீதிபீடமாக இருந்த பிரபுக்கள் சபை அதை மாற்றி, அவருடைய பங்கை ஏகமனதாக மீட்டுக் கொடுத்தது. ஆனாலும் அவருக்குக் கிடைத்தது வழக்குத் தொடுத்த காலத்துக்குப் பிந்திய பங்குதான். அந்தப் பாடல் உச்சத்தில் இருந்த வருடங்களின் வருமானம் போனது போனதுதான்.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பதிப்புரிமை கிடைப்பதற்கு எங்கும் பதிவு செய்ய வேண்டிய தேவை இல்லை. ஆக்கம் உருவான கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆக்கியோரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 வருடங்களும் அது நிற்கும். தான் ஆக்கியோர் என்று உரிமை கோரும் தார்மிக உரிமையையும் அந்தச் சட்டம் தருகிறது. வாசித்தளிப்பவர்களுக்கும் அதில் தனியாக உரிமைகள் சொல்லப்பட்டுள்ளன. நீங்கள் எழுதித் தந்ததை வாசித்தவராக இருந்தால் ஒரு நிலை, முன்னிசையை நீங்களே அமைத்தவராக இருந்தால் வேறு நிலை. இரண்டாவது நிலையில் உங்கள் கோரிக்கை வலுவானது.

ஆனால் உரிமை இருப்பதும் அதை நிறுவுவதும் வெவ்வேறு. அடுத்த பதிவுக்குப் போகும்போது, வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பே தொகை எவ்வளவு, எப்போது தருவார்கள், பெயர் எப்படிப் போடப்படும் என்பதை வட்ஸ்அப் செய்தியாகவாவது எழுதிப் பெற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் அமைத்த பகுதியை வீட்டில் வாசித்துத் திகதியுடன் பதிவு செய்து வைத்திருங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. அமெரிக்காவில் இசைக்கலைஞர் சங்க விதிப்படி நடக்கும் ஒவ்வொரு அமர்வுக்கும் யார் வாசித்தார், எத்தனை மணி வாசித்தார் என்ற படிவம் சங்கத்துக்குப் போகிறது. அங்கே யாரும் அதை மரியாதைக் குறைவாகக் கருதுவதில்லை.


பதில் 5: வாவிக்கரை வாசிப்பாளர்

சட்ட விளக்கம் தந்த மகளுக்கு நன்றி. தம்பி, இனி வீட்டில் என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறேன்.

உங்களிடம் இருக்கும் கீபோர்ட்டே தொடக்கத்துக்குப் போதும். அதில் ஓர்கன் ஒலியைத் தெரிந்தெடுத்து, விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும் வசதியை நிறுத்திவிடுங்கள். சஸ்டெய்ன் மிதியைக் கழற்றி ஓர் ஓரமாக வைத்துவிடுங்கள். பியானோவில் விரலை எடுத்தாலும் மிதி ஒலியைப் பிடித்துக்கொள்ளும். ஓர்கனில் விரல் எழுந்த கணமே ஒலி அறுந்துவிடும். ஆகவே ஒரு கட்டையை அழுத்திக்கொண்டே விரலை மாற்றிக்கொள்ளும் பழக்கம் வேண்டும். தேவாலயக் கீர்த்தனைகளை வாசிப்பவர் என்பதால் உங்களுக்கு இது பாதி வந்திருக்கும். கணினி இருந்தால் ஹமண்ட் ஒலியை உருவாக்கும் செட்பிஃப்ரீ என்ற இலவச மென்பொருள் உண்டு; அதில் ஒன்பது கோல்களையும் நீங்களே இழுத்துப் பழகலாம்.

புளூஸ் ஒன்றைப் பின்னால் ஓடவிட்டு, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் வாசியுங்கள். அடிச்சுரம் பேஸ் கிற்றார்க்காரருடையது. அதை நீங்கள் தொட வேண்டியதில்லை. சி கூட்டிலிருந்து எஃப் கூட்டுக்குப் போகும்போது இரண்டிலும் சி சுரம் பொதுவாக இருக்கிறது. அதை எடுக்காமல் பிடித்தபடி மற்ற இரண்டு விரல்களை மட்டும் அடுத்த கட்டைகளுக்கு நகர்த்துங்கள். ஜி கூட்டு வரும்போது அந்தச் சி அரைச்சுரம் இறங்கிப் பி ஆகட்டும். இப்படி விரல்கள் கட்டைக்கட்டையாக ஊர்ந்து செல்லும்போதுதான் அந்தத் தாங்கும் ஒலி பிறக்கிறது. நம் குழுக்களில் ஒவ்வொரு கூட்டுக்கும் கையைத் தூக்கித் தூக்கி வைப்பார்கள், அதனால் ஒலி துண்டு துண்டாகிறது.

அடுத்து, மேலே உள்ள ஜி சுரத்தைச் சுண்டுவிரலால் பிடித்துக்கொண்டு, கீழே ஈ ஃபிளாட்டிலிருந்து ஈ சுரத்துக்கு ஒரு விரலால் வழுக்குங்கள். சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரத்தைத் தொட்டு உராயும் அந்த இடமே புளூஸின் உயிர். கட்டை வாத்தியத்தில் கமகம் கொடுக்க முடியாது என்பது உண்மை. முடியாததை எவ்வளவு நெருங்கலாம் என்று இந்தக் கலைஞர்கள் தேடிக் கண்ட வழி இது. தாளத்துக்கு நீங்கள் அஞ்ச வேண்டாம். மெதுவான புளூஸ் பன்னிரண்டு எட்டில் நடக்கும். ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும். திஸ்ர நடை நமக்குப் புதிதா? மட்டக்களப்பின் பறங்கியர் வீடுகளில் கப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலினும் மண்டலினும் வாசிக்கக் கேட்டவர்களின் காலுக்கு அந்த மூன்று தானாகவே வரும்.

உங்கள் முதல் கேள்வியில் சொன்ன தொழிலை நம் ஊருக்குப் பொருத்திப் பார்த்தால், மட்டக்களப்பில் இருந்துகொண்டு ஓர்கன் வாசிப்பால் மட்டும் குடும்பம் நடத்துவது இன்று கடினம். பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும், தேவாலயமும், திருவிழாவும் சேர்ந்துதான் வருமானம். ஆனால் இப்போது கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் ஒருவர் தன் பாடலின் ஒலிக்கோப்பை அனுப்பி, அதற்கு நீங்கள் இங்கே வாசித்துத் திருப்பி அனுப்பும் வழி திறந்திருக்கிறது. அப்படி வேலை வரும்போது ஒரே பாட்டுக்கு இரண்டு விதமாக வாசித்து அனுப்புங்கள். ஒன்றில் உங்களுக்குத் தோன்றிய எல்லாவற்றையும் வாசியுங்கள். மற்றதில் பாடகர் பாடும் இடங்களில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்தபடி, ஒலியின் அளவை மாற்றும் மிதியில் காலை மட்டும் அசைத்துக்கொண்டிருங்கள். அவர்கள் எதைத் தெரிந்தெடுக்கிறார்கள் என்று பார்த்து இங்கே எழுதுங்கள் தம்பி, அந்த இரண்டாவது பதிவைக் கேட்க எனக்கும் ஆவலாக இருக்கிறது.